குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர் ஏன் லேபுக்குப் போகிறார்?

1933-இல் லீராய் ஃபாதர்கில், ஜாய்ஸ் ரைட் என்ற இருவர் பாஸ்டனிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் எந்தெந்த வயதில் வருகிறது என்று ஒரு பக்கம் கணக்கெடுத்தார்கள். வெவ்வேறு வயதுக்காரர்களின் இரத்தத்துக்கு அந்தக் கிருமியைக் கொல்லும் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று இன்னொரு பக்கம் சோதித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒன்று ஏறும் இடத்தில் மற்றது இறங்கியது. பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு இருக்கிறது. சில மாதங்களில் அது கரைந்துவிடுகிறது. தனக்கென்று எதிர்ப்புச் சக்தியைச் சேர்த்துக்கொள்ளக் குழந்தைக்கு இரண்டு மூன்று வருடங்கள் ஆகின்றன. நடுவில் ஒரு பள்ளம். குழந்தைகள் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்துகொண்டிருந்தார்கள்.

குழந்தைத் தொற்றுநோய் மருத்துவம் என்ற துறையைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த நல்ல வாசல் இந்தப் பள்ளம்தான். பெரியவர்களுக்கு வரும் அதே கிருமிகள் சிறிய உடம்பில் வருவதைப் பார்க்கும் துறை என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஒரு கிருமியை முதன்முதலாகச் சந்திக்கும் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் இங்கே அடிப்படைக் கேள்வி. அந்தக் கேள்விக்குப் படுக்கையருகே நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தத் துறையில் மருத்துவராகத் தொடங்கிய பலர் பாதி வாழ்க்கையை ஆய்வகத்தில் கழிக்கிறார்கள்.

முதலில் வார்டில் அவர்களின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். அறுவை சிகிச்சை கிடையாது, குழாய் விட்டுப் பார்ப்பது கிடையாது. மற்ற மருத்துவர்கள் கூப்பிட்டால் போக வேண்டும். பத்து நாளாகக் காய்ச்சல் விடாத குழந்தை, எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பிறகு நுரையீரலில் பூஞ்சை பிடித்த குழந்தை, பிறந்து ஐந்து நாளில் பால் குடிக்க மறுக்கும் குழந்தை. கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளர்ந்திருக்காது, ஏனென்றால் கல்ச்சர் எடுப்பதற்கு முன்பே யாரோ ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள். அப்புறம் இவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்: வீட்டில் யாருக்கு இருமல், எந்த விலங்கு கடித்தது, எந்தத் தண்ணீரில் குளித்தது. இந்த வேலையில் பெரும்பங்கு எந்த மருந்தைத் தொடங்குவது என்பதில் இல்லை, எதை நிறுத்துவது என்பதில் இருக்கிறது. சொல்லிப் புரியவைப்பதற்கும் அதுதான் கடினம்.

இப்படி வார்டில் எழுந்த ஒரு கேள்வியை விடாமல் ஆய்வகம்வரை இழுத்துக்கொண்டு போனவர்களில் ஹேட்டி அலெக்சாண்டரை முதலில் சொல்ல வேண்டும். பாக்டீரியா ஆய்வில் வேலை பார்த்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பட்டம் பெற்று நியூயார்க்கில் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். மேலே சொன்ன ஹீமோஃபிலஸ் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகள் அன்று கிட்டத்தட்ட எல்லோரும் இறந்தார்கள். 1931-இல் மார்கரெட் பிட்மன் என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியில் உறை போர்த்தியவை ஆறு வகை உண்டு என்றும், கடும் நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ‘பி’ வகை என்றும் கண்டுபிடித்திருந்தார். ஹிப் என்று இன்று சுருக்கமாகச் சொல்வது அந்த வகையைத்தான். அலெக்சாண்டர் அந்த வகையை முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து எதிர்ப்புச் சீரம் எடுத்தார். 1939-இல் அந்தச் சீரத்தால் குழந்தைகள் பிழைத்ததாக அறிவித்தார். செத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

பின்னால் ஆன்டிபயாடிக் வந்தபோது சிலருக்கு மருந்து கேட்கவில்லை. ‘நோய் முற்றிவிட்டது’ என்று அவர் அதை விட்டுவிடவில்லை. கிருமியின் மரபில் ஏற்படும் மாற்றம்தான் காரணம் என்று ஆய்வகத்தில் காட்டி, பாக்டீரியாவின் டிஎன்ஏ ஆராய்ச்சிக்குள்ளேயே போய்விட்டார். 1964-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். ஒரே ஆள் காலையில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கிறார், மாலையில் அந்த நீரிலிருந்து வந்த கிருமியின் மரபணுவைப் பார்க்கிறார். மருத்துவர்-விஞ்ஞானி என்று சொல்கிறார்களே, அதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, மருந்து வந்துவிட்டது, கதை முடிந்ததா? இல்லை. ஆன்டிபயாடிக் வந்த பிறகும் ஹிப் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்குக் காது கேட்காமல் போனது, அல்லது மூளையில் ஏதாவது ஒரு பாதிப்பு நின்றுவிட்டது. தடுப்பூசிக்கு முன்பு அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20,000 குழந்தைகளுக்கு ஹிப் கடுமையாகத் தாக்கியது. 1974-இல் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஹிப் வேறு தலைகாட்டியது. சிகிச்சையை எவ்வளவு மேம்படுத்தினாலும் அது பள்ளத்தில் விழுந்த குழந்தையைத் தூக்குவதுதான். பள்ளத்தை மூட வேண்டுமென்றால் தடுப்பூசி வேண்டும்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த டேவிட் ஸ்மித்தும், அவரோடு சேர்ந்த போர்ட்டர் ஆண்டர்சனும் இதில் இறங்கினார்கள். ஸ்மித் மருத்துவர், ஆண்டர்சன் ஆய்வாளர். இன்னொரு பக்கம் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களில் ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் இருவரும் இதே வேலையில் இருந்தார்கள். இரு குழுவுக்கும் யோசனை ஒன்றுதான்: கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால், உடம்பு அதற்கு எதிர்ப்பான் (ஆன்டிபாடி) செய்துகொள்ளும்.

செய்துகொண்டது, ஆனால் பெரிய குழந்தைகளின் உடம்பு மட்டும். 1974-இல் ஃபின்லாந்தில் சுமார் ஒரு லட்சம் குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஒன்றரை வயதைத் தாண்டியவர்களுக்கு நல்ல பாதுகாப்பு கிடைத்தது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றுமே இல்லை. எந்த வயதில் நோய் அதிகமோ அந்த வயதில் தடுப்பூசி வேலை செய்யவில்லை! ஃபாதர்கில்லும் ரைட்டும் காட்டிய அதே பள்ளம் நாற்பது வருடம் கழித்து மறுபடியும் வந்து நின்றது.

ஏன் அப்படி? நம் உடம்பில் எதிர்ப்பான் செய்பவை பி செல்கள். அவற்றுக்குப் பல நேரம் டி செல்களின் உதவி வேண்டும். டி செல்கள் புரதத் துண்டுகளைத்தான் அடையாளம் காணும், வெறும் சர்க்கரையை அவற்றுக்குக் காட்ட வழியில்லை. பெரியவர்களின் பி செல்கள் டி செல்லின் துணை இல்லாமலே சர்க்கரையைப் பார்த்து ஓரளவு வேலை செய்துவிடும். கைக்குழந்தையின் பி செல்களுக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. அப்படியானால் சர்க்கரையை ஒரு புரதத்தோடு கோத்துக் கொடுத்தால்? புரதத்தைப் பார்த்து டி செல் வரும், பக்கத்தில் இருக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து உதவி கிடைக்கும். புதிய யோசனை இல்லை இது. ஏவரி, கேபெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1929-லேயே சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்துக் காட்டியிருந்தார்கள். ஐம்பது வருடங்களாக அது நூலகத்தில் இருந்தது. அதைக் கைக்குழந்தையின் பள்ளத்தோடு சேர்த்துப் பார்க்க, அந்தப் பள்ளத்தை வார்டில் பார்த்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

இந்த இணைப்புத் தடுப்பூசி அமெரிக்காவில் 1987-இல் ஒன்றரை வயதுக்காரர்களுக்கு அனுமதி பெற்றது. 1990-இல் இரண்டு மாதக் குழந்தைக்கே போடலாம் என்றானது. இடையில் தடுப்பூசியைத் தயாரிக்க மருந்துக் கம்பெனிகள் ஆர்வம் காட்டாததால், ஸ்மித் தானே ஒரு கம்பெனி தொடங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய் 99 சதவீதம் குறைந்தது. ஊசி போடாத குழந்தைகளிடமும் குறைந்தது, ஏனென்றால் போட்டவர்களின் தொண்டையில் கிருமி தங்கவில்லை, அதனால் மற்றவர்களுக்குப் பரவவில்லை. 1996-இல் நால்வருக்கும் சேர்த்து மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கொடுத்தார்கள். இன்று அமெரிக்காவில் குழந்தை மருத்துவம் பயிலும் பலர் ஒரு ஹிப் மூளைக்காய்ச்சலைக்கூடப் பார்க்காமலே பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். வேறு எந்தத் துறையிலாவது தன் வேலையே இல்லாமல் போக வேண்டும் என்று இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று தெரியவில்லை.

1933-லிருந்து 1990 வரை ஐம்பத்தேழு வருடங்கள். ஒரு மனிதரின் பணிக்காலத்தைவிட நீளம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலின் பாதையைப் பாருங்கள். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டத்துக்குப் பிறகு நான்கு வருடம் மருத்துவம், மூன்று வருடம் குழந்தை மருத்துவம், மேலும் மூன்று வருடம் தொற்றுநோய்ப் பயிற்சி. கூடவே முனைவர் பட்டமும் வேண்டுமென்றால் மருத்துவப் படிப்பே ஏழெட்டு வருடமாக நீண்டுவிடும். அதற்கென்றே அரசு செலவில் ஒரு திட்டம் 1964 முதல் நடக்கிறது. பிறகு ஆரம்பகால ஆய்வு நிதி. அதில் ஒரு நிபந்தனை உண்டு: வேலை நேரத்தில் முக்கால் பங்கை ஆய்வுக்கே ஒதுக்க வேண்டும். ‘பாதுகாக்கப்பட்ட நேரம்’ என்று அதற்குப் பெயர். பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. யாரும் பிடுங்காத பொருளுக்குப் பாதுகாப்பு எதற்கு? வார்டில் ஆள் குறைந்தால் முதலில் கைவைப்பது இந்த நேரத்தில்தான். சொந்தப் பெயரில் முதல் பெரிய நிதி கையில் கிடைக்கும்போது பலர் நாற்பதைத் தாண்டியிருப்பார்கள்.

பணத்தையும் பேசிவிடலாம். ஊசி, கத்தி, கருவி என்று எதையாவது செய்தால்தான் அமெரிக்க மருத்துவத்தில் கட்டணம் ஏறும். யோசிப்பதற்குக் கட்டணம் குறைவு. அதனால் மூன்று வருடம் கூடுதலாகப் படித்த குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர், அப்படிப் படிக்காத பொதுக் குழந்தை மருத்துவரைவிடக் குறைவாகச் சம்பாதிப்பது சாதாரணம். பயிற்சி இடங்களில் கணிசமானவை ஆண்டுதோறும் நிரம்பாமல் கிடக்கின்றன. இதை இளைஞர்களின் ஆர்வக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கல்விக் கடனோடு முப்பத்தைந்து வயதில் நிற்கும் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்ப்பது ஆர்வக் குறைவு ஆகாது. 1979-லேயே ஜேம்ஸ் வின்கார்டன் என்ற மருத்துவர் மருத்துவர்-விஞ்ஞானிகளை அழிந்துவரும் இனம் என்று எழுதினார். அந்தப் புலம்பலுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது.

எல்லோரும் டெஸ்ட் ட்யூபோடுதான் மல்லுக்கட்ட வேண்டும் என்றில்லை. கேத்தரின் வில்ஃபர்ட் டியூக் பல்கலைக்கழகத்தில் குழந்தைத் தொற்றுநோய்ப் பிரிவில் இருந்தவர். எச்ஐவியுடன் பிறந்த குழந்தைகள் வார்டுகளுக்கு வரத் தொடங்கிய காலத்தில், அவரைப் போன்றவர்கள் கேட்ட கேள்வி தாய்க்கே மருந்து கொடுத்தால் என்ன என்பது. கர்ப்பத்திலும் பிரசவ நேரத்திலும் தாய்க்கு ஏஇசட்டி என்ற எச்ஐவி மருந்து, பிறந்த பிறகு ஆறு வாரம் குழந்தைக்கு. 1994-இல் முடிவு வந்தது: மருந்து பெறாதவர்களில் 25.5 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றியது, பெற்றவர்களில் 8.3 சதவீதம். மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது. அதை யாருக்கு, எப்போது என்று கேட்டதுதான் கண்டுபிடிப்பு.

ஆனால் சோதனை என்றாலே இன்னொரு விஷயம் வந்து நிற்கிறது. குழந்தை சம்மதம் தர முடியாது. இந்தத் துறையின் வரலாற்றை விருதுகளாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது, ஏனென்றால் சால் க்ரூக்மன் இருக்கிறார்.

க்ரூக்மன் நியூயார்க்கில் பெயர்பெற்ற குழந்தை மருத்துவர். 1950-களின் நடுவிலிருந்து வில்லோபுரூக் என்ற விடுதியில் மஞ்சள்காமாலை ஆய்வு நடத்தினார். அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளை நெரிசலாக அடைத்து வைத்திருந்த இடம் அது. அங்கே கல்லீரல் அழற்சி பரவலாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த குழந்தைகளுக்கு அவர் குழு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்தது. எப்படியும் வரத்தான் போகிறது, எங்கள் கண்காணிப்பில் வந்தால் நல்ல கவனிப்பாவது கிடைக்கும் என்பது வாதம். பெற்றோர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் விடுதியின் மற்றப் பகுதிகளில் இடம் இல்லை, ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் உண்டு என்ற நிலையில் வாங்கிய கையெழுத்துக்கு என்ன மதிப்பு? 1966-இல் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் அறமற்ற ஆய்வுகள் என்று வரிசைப்படுத்தி எழுதிய கட்டுரையில் இதுவும் இருந்தது.

சங்கடம் எங்கே என்றால், அந்த ஆய்வுகளில் அறிவியல் கிடைத்தது. காமாலையை உண்டாக்கும் வைரஸ்கள் இரண்டு வகை என்று 1967-இல் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரிந்தது. இன்று ஏ, பி என்று சொல்கிறோம். ஒரு வகையின் சீரத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் நோய் வராமல் பாதுகாப்பு மட்டும் வருகிறது என்றும் அவர் காட்டினார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு அது ஒரு முன்னோடி. க்ரூக்மனுக்கு 1983-இல் லாஸ்கர் விருதும் கிடைத்தது. அதே 1983-இல்தான் குழந்தைகளிடம் ஆய்வு செய்வதற்கான தனி விதிகளை அமெரிக்க அரசு கொண்டுவந்தது. குழந்தைக்கு நேரடிப் பயன் இல்லாத ஆய்வு என்றால், ஆபத்துக்குக் குறுகிய எல்லை. பெற்றோர் அனுமதி மட்டும் போதாது, புரிந்துகொள்ளும் வயதுக் குழந்தையாக இருந்தால் அதன் ஒப்புதலும் வேண்டும். பயன் வந்துவிட்டதே என்று செய்ததை நியாயப்படுத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வைரஸை அவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்திருப்பார்களா என்பதுதான் நான் கேட்க விரும்புவது.

நல்ல நோக்கமும் சரியான அனுமதியும் இருந்தாலும் குழந்தையின் உடம்பு சில நேரம் வேறு பதில் சொல்லும். ராபர்ட் சானக் குழந்தை மருத்துவப் பயிற்சி பெற்றவர், வைரஸ் ஆய்வாளர் ஆல்பர்ட் சேபினிடம் வேலை கற்றவர். 1956-இல் சிம்பன்சிகளின் சளியில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸை, மூச்சுத் திணறும் குழந்தைகளிடமிருந்து அடுத்த வருடமே பிரித்தெடுத்தார். இன்று ஆர்.எஸ்.வி. என்று சொல்லும் வைரஸ் அது. போலியோவுக்குச் செய்ததைப் போல இதையும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தால் கொன்று தடுப்பூசியாக்கி 1960-களின் நடுவில் கைக்குழந்தைகளுக்குப் போட்டார்கள். குளிர்காலம் வந்தது, வைரஸும் வந்தது. ஊசி போட்டும் தொற்றிய குழந்தைகளில் 80 சதவீதம் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்; ஒப்பீட்டுக் குழுவில் 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். காக்க வேண்டிய ஊசி நோயைக் கடுமையாக்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வேலை பல பத்தாண்டுகள் தயங்கி நின்றது. வைரஸின் மேலே இருக்கும் எஃப் என்ற புரதம் செல்லுக்குள் நுழைவதற்கு முன் ஒரு வடிவத்தில் இருக்கிறது, நுழையும்போது வேறு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பழைய ஊசியில் இருந்தது பெரும்பாலும் மாறிய பின்னான வடிவம். உடம்பு அதற்கு எதிர்ப்பான் செய்தது, ஆனால் அவை வைரஸைத் தடுக்கும் தரத்தில் இல்லை. நுழைவதற்கு முந்தைய வடிவத்தை ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம், பீட்டர் குவாங் குழு 2013-இல் படம்பிடித்துக் காட்டியது. சானக் 2010-இல் இறந்துவிட்டார். 2023-இல் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி வந்தது. தாய் உண்டாக்கும் எதிர்ப்பான் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நிர்செவிமாப் என்ற ஆயத்த எதிர்ப்பானை ஒரே ஊசியாகக் குழந்தைக்கே போடும் வழியும் வந்தது. கவனியுங்கள், இரண்டுமே கைக்குழந்தையின் உடம்பை வேலை செய்யச் சொல்லவில்லை, பள்ளத்தின் மேல் பலகை போட்டு மூடுகின்றன. 2024-இல்கூட, கைக்குழந்தைகளிடம் நடந்த ஒரு ஆர்.எஸ்.வி. தடுப்பூசிச் சோதனையைக் கடும் நோய் தென்பட்டதும் நிறுத்திவிட்டார்கள். அறுபது வருடத்துக்கு முந்தைய பயம் இன்னும் வேலை செய்கிறது, செய்யத்தான் வேண்டும். (புரதத்தை முந்தைய வடிவத்திலேயே உறையவைக்கும் அந்த உத்திதான் 2020-இல் கொரோனா தடுப்பூசிகளுக்கும் கைகொடுத்தது.)

இதுவரை சொன்னதெல்லாம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பள்ளம். ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியும் உண்டு. ஹெர்பீஸ் வைரஸ் உலகில் பெரும்பாலோர் உடம்பில் இருக்கிறது, உதட்டில் கொப்புளம் வரும், போகும். மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் அது மூளைக்குள் போய் அழித்துவிடுகிறது. பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் ழான்-லோரான் கசனோவாவின் குழு 2006, 2007-இல் இப்படிப்பட்ட சில குழந்தைகளிடம் ஒரே ஒரு மரபணுவில் குறை இருப்பதைக் கண்டது. மற்ற எல்லாக் கிருமிகளையும் சாதாரணமாகச் சமாளிக்கும் அந்தக் குழந்தைகள், இந்த ஒன்றிடம் மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். துரதிர்ஷ்டம் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்த ஒன்றுக்கு, சிலரிடமாவது ஒரு முகவரி கிடைத்தது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் டோமிசாகு கவசாகி இருக்கிறார். 1961-இல் டோக்கியோவில் ஒரு குழந்தையிடம் பார்த்த விநோதக் காய்ச்சலை, 50 குழந்தைகளைப் பார்த்த பிறகு 1967-இல் எழுதினார். உலகம் முழுக்க அவர் பெயரில் அந்த நோயை அறிகிறார்கள், சிகிச்சையும் இருக்கிறது. காரணம் தெரியாமலே 2020-இல் காலமானார்.

இன்னும் முடியாத கணக்கு ஒன்று. கரோல் பேக்கர் ஹூஸ்டனில் பணிபுரிந்த குழந்தைத் தொற்றுநோய் மருத்துவர். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையைத் தாக்கும் பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைப் பற்றி டென்னிஸ் கேஸ்பருடன் சேர்ந்து 1976-இல் அவர் காட்டியது இது: நோய் வந்த குழந்தைகளின் தாய்மாரிடம் அந்தக் கிருமியின் உறைக்கு எதிரான எதிர்ப்பான் மிகக் குறைவு. அப்படியானால் கர்ப்பிணிக்குத் தடுப்பூசி போட்டால் போதுமே என்று அன்றே தெரிந்துவிட்டது. அது வரும்வரை வேறு வழி பார்த்தார்கள். கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, கிருமி இருந்தால் பிரசவ வலியின்போது ஆன்டிபயாடிக் கொடுப்பது. இதனால் அமெரிக்காவில் பிறந்த முதல் வாரத்தில் வரும் நோய், ஆயிரம் பிறப்புக்கு 1.8 என்பதிலிருந்து 0.25 அளவுக்கு இறங்கியது. முதல் வாரத்துக்குப் பிறகு வரும் நோயை இந்த முறை தொடவில்லை. அதற்குத் தடுப்பூசிதான் வேண்டும். அது இன்னமும் சோதனையில்தான் இருக்கிறது.